துணிக்கு ஏற்ற காமிரா: சிறு முதலில் வாங்குவது எவ்வாறு?

கைத்தறிச் சேலையையும் போர்வையையும் நேரில் வந்து தொட்டுப் பார்த்து வாங்குவோர் இந்நாளில் குறைந்து, படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புவோர் பெருகி வருகின்றனர். தொட்டுப் பார்க்க இயலாத இடத்தில் படமே சரக்குக்குச் சாட்சி. அச்சாட்சி பொய் சொன்னால் சரக்கு திரும்பி வரும். அரக்கு நிறமென்று படத்தில் கண்டு வாங்கிய அம்மையார், கட்டைப் பிரித்ததும் அது செங்கல் நிறமாயிருக்கக் கண்டு திருப்பி அனுப்புவாராயின், போக வர அனுப்புச் செலவும் மடிப்புக் கலைந்த சேலையும் நெய்தவர் தலையிலேயே விழும். ஒரு சேலையில் கிடைக்கும் கூலி மிச்சம் எவ்வளவு என்பதை அறிந்த நமது அங்கத்தினர்களுக்கு, ஒரு சேலை திரும்பி வருவது எத்தகைய நஷ்டம் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆகவே தறிக்காரக் குடும்பத்தார் காமிரா ஒன்று வாங்க எண்ணுவது வீண் ஆடம்பரம் ஆகாது. ஆனால் காமிராக் கடையோ, பழக்கமில்லாதவர் புகுந்தால் திகைக்கும் இடம். எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்கள். ஒன்றைவிட ஒன்று மேலென்று அடுக்கப்பட்ட விலைகள். கேட்டதற்கு விடை கூறாமல் கேளாததற்கு விளக்கம் கூறும் விற்பனையாளர். வாங்க வந்தவர் மடியில் இருப்பதோ பல மாதங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை. கணக்குக்கு எளிதாக அதனை ரூ. 25,000 என்று வைத்துக்கொண்டு, இத்தொகையில் எதை வாங்கலாம், எதை வாங்காமல் விடலாம் என்பதை இங்கே ஆராய்வோம். லென்ஸை மாற்றிப் பொருத்தத்தக்க புதுக் காமிராவுக்கு இத்தொகை போதாது. பழையதற்குத் தாராளமாகப் போதும். துணியைப் பொறுத்தவரையில் பழையது வாங்குவதில் தாழ்வு ஏதும் இல்லை என்பதோடு, சில வகையில் அதுவே மேல் என்பதையும் பின்னர்க் காட்டுவோம்.

கடைக்குப் புறப்படுமுன், காமிரா தேவைதானா என்று கேட்டுக்கொள்வது நலம். நல்ல கைப்பேசி ஒன்று வீட்டில் இருக்குமாயின் விவசாய அன்பர்களுக்குப் பெரும்பாலும் அதுவே போதும். இலையில் விழுந்த புள்ளியைப் படமெடுத்து வேளாண்மை அலுவலருக்கு அனுப்பவும், வாழைத் தாரையும் மஞ்சட் குவியலையும் வியாபாரிக்குக் காட்டவும் தனிக் காமிரா வேண்டுவதில்லை. எடுத்த கையோடு அனுப்பும் சௌகரியம் கைப்பேசிக்கே உண்டு. தோட்டக்காரர்கள் இப்பத்தியோடு நின்று, பணத்தைச் சொட்டுநீர்க் குழாய்க்கு வைத்துக்கொண்டாலும் நமக்கு வருத்தமில்லை.

துணியின் காரியம் வேறு. கைப்பேசியின் முதன்மை லென்ஸ் அகன்ற காட்சியை அடக்குவதற்கென அமைந்தது. அதனால் சேலைக்கு மிக அருகில் நின்றே படமெடுக்க நேர்கிறது. கருவி சிறிது சாய்ந்தாலும் நேரான கரை ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் தோன்றும். பின்னணியை மங்கலாக்கிக் காட்டும் ஏற்பாடு ஒன்று பல கைப்பேசிகளில் உண்டு. அது பெரும்பாலும் கணக்கினாற் செய்யப்படும் வேலை. எது பொருள், எது பின்னணி என்பதை யந்திரமே ஊகித்துக் கொள்கிறது. முந்தானைக் குஞ்சத்தின் இழைகளைப் பின்னணியென்று எண்ணி அரைகுறையாக அழித்துவிடும். உட்கார்ந்து ஒவ்வொன்றாக முடிச்சிட்ட பெண்களின் உழைப்பு படத்தில் காணாமற் போகும். மேலும், கண்ணுக்கு இனிமையாக இருக்கவேண்டுமென்று நிறத்தைச் சற்றுத் தூக்கிக் காட்டும் இயல்பும் பல கைப்பேசிகளுக்கு உண்டு. மலைக் காட்சிக்கு அது நன்று. விலைக்கு விற்கும் சேலைக்கு அது கேடு. மாதத்திற்கு ஓரிரு சேலை விற்பவர் பகல் வெளிச்சத்தில் கைப்பேசியைப் பொறுமையுடன் உபயோகித்துச் சமாளிக்கலாம். வாரந்தோறும் புதுச் சரக்கைப் படமெடுப்பவருக்கே காமிரா தேவை.

கடையில் முதன்முதலாகக் காதில் விழும் சொல் மெகாபிக்சல். டிஜிட்டல் படம் என்பது மிகச் சிறிய நிறப் புள்ளிகளால் நெய்யப்பட்டது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிக்சல். பத்து இலட்சம் புள்ளி சேர்ந்தது ஒரு மெகாபிக்சல். 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஈஸ்ட்மன் கோடக் கம்பெனியின் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் செய்துகாட்டிய டிஜிட்டல் காமிராவில் நீளத்தில் 100, அகலத்தில் 100 என 10,000 புள்ளிகளே இருந்தன. கறுப்பு வெள்ளைப் படந்தான். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிவதற்கு 23 விநாடி பிடித்தது. கருவியின் எடையோ மூன்றரைக் கிலோவுக்கு மேல். அந்நிலையில் புள்ளி பெருகவேண்டும் என்று விரும்பியது நியாயமே. இன்று அவ்விருப்பம் தேவைக்கு மேல் நிறைவேறிவிட்டது.

நமக்கு எவ்வளவு புள்ளி வேண்டும் என்பதை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது வழக்கமான அளவு. ஆறங்குலத்துக்கு நாலங்குலப் படத்தை அச்சிட 1,800-ஐ 1,200-ஆற் பெருக்க, ஏறத்தாழ 22 இலட்சம் புள்ளி ஆகும். ஏ4 தாள் முழுதும் நிறையும்படி அச்சிட 87 இலட்சம் புள்ளி போதும். வாங்குவோர் பார்க்கும் கைப்பேசித் திரையிலோ அகலத்தில் 1,080, உயரத்தில் 2,400 என்ற அளவே பெருவழக்கு. அது 26 இலட்சத்தை எட்டாது. கரையின் ஒரு மூலையைப் பெரிதாக்கிப் பார்க்க விரும்புவோருக்கென இதற்கு ஐந்து ஆறு மடங்கு சேர்த்தாலும் 16 மெகாபிக்சலுக்குள் காரியம் முடிகிறது. 2012ஆம் ஆண்டிலேயே தொடக்கநிலைக் காமிராக்களில் 24 மெகாபிக்சல் வந்துவிட்டது. எனவே இவ்வெண்ணை இதற்கு மேற் பொருட்படுத்த வேண்டாம். விற்பனையாளர் அதனையே திரும்பத் திரும்பச் சொன்னால், துணியின் தரத்தை அதன் நீளத்தினால் அளப்பவரோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்று கொள்க.

புள்ளிகளின் எண்ணிக்கையைவிட, அவை அமர்ந்திருக்கும் இடத்தின் பரப்பே முக்கியம். ஒளியை வாங்கிக்கொள்ளும் அத்தகட்டிற்குச் சென்சார் என்று பெயர். ஒருவர் ஒரு சென்ட் நிலத்திலும், மற்றொருவர் பதின்மூன்று சென்ட் நிலத்திலும், ஒரே எண்ணிக்கையில் வாழைக்கன்று நட்டால், எந்தத் தோட்டத்தில் தார் திரளும் என்பதை நமது வாசகர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. கோட்டுப் பையில் அடங்கும் மலிவான காமிராக்களிலும், நாற்பது மடங்கு, அறுபது மடங்கு தொலைவை இழுத்துக் காட்டும் என்று விளம்பரம் பெற்ற நீள்மூக்குக் காமிராக்களிலும் உள்ள சென்சார் பெரும்பாலும் ஏறத்தாழ 6.2 மில்லிமீட்டருக்கு 4.6 மில்லிமீட்டர். லென்ஸ் மாற்றத்தக்க நிக்கான், சோனி தொடக்கநிலைக் காமிராக்களில் அது ஏறத்தாழ 23.5-க்கு 15.6, கானனில் 22.3-க்கு 14.9. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் பரப்பில் பதின்மூன்று மடங்கு வேற்றுமை உண்டு. வெளிச்சம் குன்றிய இடத்தில் சிறு சென்சார் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால், பட்டின் வழவழப்புக்குப் பதில் மணல் தூவியது போன்ற சொரசொரப்பே தோன்றும். அறுபது மடங்கு தொலைவு இழுக்கும் காமிரா மரத்துக் குருவிக்கு உதவலாம். நமது சேலை கூப்பிடு தூரத்தில்கூட இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் தொங்குகிறது.

பெரிய சென்சார் உள்ள காமிரா நமது தொகைக்குள் எவ்வாறு கிட்டும் என்ற ஐயம் எழலாம். காலமே இதற்கு உதவி செய்திருக்கிறது. கானன் கம்பெனியார் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட 300டி, இவ்வகையில் ஆயிரம் டாலருக்குக் குறைந்து வந்த முதற் காமிரா. அதன்பின் இவை ஊரெங்கும் பரவின. உலகில் காமிராக் கம்பெனிகள் 2010ஆம் ஆண்டில் அனுப்பிய டிஜிட்டல் காமிராக்கள் 12 கோடிக்கு மேல். 2020இல் அது ஒரு கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. கைப்பேசி வந்து சிறு காமிராக்களை விழுங்கிவிட்டது. உட்புறம் கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆர். காமிராக்களை விட்டுக் கண்ணாடியில்லாத புது வகைக்கு மாறிய கலியாணப் புகைப்படக்காரர்களும் தங்கள் பழைய கருவிகளை விற்கத் தொடங்கினர். அவர்களுக்குப் பழையதாய்ப் போனது நமக்குப் பழுதாய்ப் போனதன்று. மேலும், பழைய வகைக்கு மின்செலவு குறைவு. நிக்கான் டி3500 ஒருமுறை மின்னேற்றினால் 1,550 படம் வரை எடுக்கும் என்பது கம்பெனிக் கணக்கு. கண்ணாடியில்லாத நிக்கான் இசட்30-க்கு அக்கணக்கு 330.

இனி, காமிராக் கடைகளில் எவரும் சொல்லாத, ஆனால் நெசவாளர் அவசியம் அறியவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கொசுவலை இரண்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பார்த்தவர்கள், வலையில் இல்லாத அலையலையான கோடுகள் தோன்றி, அசைக்க அசைக்க அவை நெளிவதைக் கண்டிருப்பர். சென்சாரில் புள்ளிகள் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கின்றன. துணியிலும் பாவும் ஊடையும் வரிசை வரிசையாகவே செல்கின்றன. இவ்விரு வரிசைகளும் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது, நெருக்கம் ஏறத்தாழ ஒத்திருந்தால், கொசுவலையில் கண்ட அதே அலை படத்தில் தோன்றிவிடும். ஆங்கிலேயர் பிரெஞ்சு மொழியிலிருந்து எடுத்து இதனை மொய்ரே என்று வழங்குகின்றனர். அலையலையாகப் பளபளக்கும் ஒருவகைப் பட்டுத் துணியின் பெயர் அது. ஒரே நிறத்துச் சேலையின் உடலில் பச்சையும் ஊதாவுமாகப் பட்டை ஓடினால், வாங்குவோர் அதனைச் சாயக் குறை என்றே எண்ணுவர். நன்றாகச் சாயமிட்டவருக்கு இது வீண் பழி.

இவ்வலையைத் தடுப்பதற்கென்றே சென்சாரின் முன் ஒரு மெல்லிய வடிகட்டியை வைப்பது பழைய வழக்கம். மிக நுண்ணிய கோடுகளை இம்மியளவு மங்கச் செய்து அலை எழாமல் அது காக்கும். பின்னர், படம் இன்னும் கூர்மையாக இருக்கவேண்டும் என்ற போட்டியில் சில கம்பெனிகள் அதனை நீக்கத் தொடங்கின. நிக்கானின் தொடக்கநிலை வரிசையில் 2012இல் வந்த டி3200-இல் வடிகட்டி உண்டு. 2014இல் வந்த டி3300-இல் இல்லை. அதன்பின் வந்த டி3400, டி3500 ஆகியவற்றிலும் இல்லை. கானனின் 600டி, 700டி, 1200டி, 1300டி, 1500டி ஆகியவற்றில் வடிகட்டி உண்டு. மலையையும் மனிதரையும் எடுப்பவருக்குப் புதியது நல்லதாக இருக்கலாம். நெருங்கி நெய்த துணியை எடுப்பவருக்கு, விலை குறைந்த பழைய டி3200 புதிய டி3500-ஐவிடப் பொருத்தமானது. வடிகட்டி இருந்தும் சில துணிகளில் அலை தலைகாட்டும். அப்போது காமிராவை ஓரடி முன்னோ பின்னோ நகர்த்தினாலும், சிறிது கோணம் மாற்றினாலும் அது பெரும்பாலும் ஓடிவிடும். லென்ஸின் துவாரத்தை எஃப் 16 வரை சுருக்குவதும் உதவும். காமிராவின் சிறு திரையில் அலை கண்டவுடன் பதறவும் வேண்டாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கையில் அலை மறைந்தால், அது திரைக்காகப் படத்தைச் சுருக்கியதால் வந்ததேயன்றிப் படத்தில் இல்லை.

விலை மிகுந்ததெல்லாம் துணிக்கு உகந்தது என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. ஜெர்மனியின் லைக்கா கம்பெனியார் 2006ஆம் ஆண்டில் எம்8 என்ற காமிராவை வெளியிட்டனர். அதன் விலை சாதாரணக் குடும்பத்தார் நினைத்தும் பார்க்க இயலாதது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரையும் அது வாங்கிக்கொண்டதால், கறுப்பு நிறச் செயற்கை நூல் துணிகள் படத்தில் ஊதா நிறமாகத் தோன்றின. வாங்கியவர்களுக்குக் கம்பெனியாரே தனி வடிகட்டிகளை இலவசமாக அளிக்க நேர்ந்தது.

பழைய காமிரா வாங்கச் செல்பவர் மாடு பிடிக்கச் செல்பவரைப் போன்று பல்லைப் பிடித்துப் பார்த்தல் அவசியம். லென்ஸே முதலிற் பார்க்கவேண்டியது. நமது நாட்டின் ஈரக்காற்றில், பெட்டிக்குள் பூட்டி வைத்த லென்ஸின் உட்புறத்தில் பூஞ்சை படரும். லென்ஸைக் கழற்றி, ஒருபுறத்திலிருந்து கைவிளக்கை அடித்து, மறுபுறத்திலிருந்து சாய்வாக நோக்கினால், சிலந்தி நூல் போலவோ வேர் போலவோ கிளைத்த இழைகள் தென்படும். அத்தகைய லென்ஸை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஒன்றிரண்டு தூசி இருப்பதால் குற்றமில்லை. அடுத்து, ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று வினவவேண்டும். நிக்கான் டி3000 வரிசைக் காமிராக்களின் ஷட்டர் ஒரு இலட்சம் முறை இயங்குமாறு சோதிக்கப்பட்டது. நிக்கானில் எடுத்த படத்தோடு அவ்வெண்ணும் மறைவாகப் பதிந்து வரும்; படத்தைக் கணிப்பொறியில் ஏற்றிப் பார்த்து அறியலாம். கானன் காமிராக்கள் பலவற்றில் அதனை அவ்வளவு எளிதாக அறிய இயலாது. கலியாணத்துக்குக் கலியாணம் ஆயிரக்கணக்கில் எடுத்துத் தேய்ந்த காமிராவைவிட, ஆசைக்கு வாங்கி அலமாரியில் வைத்துவிட்டவரின் காமிரா மேல்; ஆனால் பூஞ்சை பிடிப்பதும் அலமாரிக் காமிராவில்தான். ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எஃப் 16-இல் ஒரு படம் எடுத்துப் பார்த்தால் சென்சாரில் ஒட்டிய தூசி கரும்புள்ளிகளாகத் தெரியும். தூசியைத் துடைத்துவிடலாம், துடைத்தும் போகாத புள்ளி கீறலாக இருக்கலாம். மின்கலம் வீங்கியிருக்கிறதா என்றும், மின்னேற்றி அக்காமிராவுக்கு உரியதுதானா என்றும் கவனிக்கவும். 2006ஆம் ஆண்டுக்கு முற்பட்ட காமிராக்கள் பலவற்றில் இன்று கடையில் விற்கும் பெரிய கொள்ளளவு அட்டைகள் வேலை செய்யா. அவ்வளவு பழையது வேண்டாம். நிக்கான் வாங்குவோர் மேலும் ஒன்று அறிதல் வேண்டும்: டி3000, டி5000 வரிசைக் காமிராக்களின் உட்புறத்தில் லென்ஸைத் திருப்பும் மோட்டார் இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 டி லென்ஸை வாங்கினால், அது தானாகக் கூர்மை கொள்ளாது. கையாற் திருப்பியே சரி செய்யவேண்டும். முன்பின் தெரியாதவரிடம் வாங்குவதைவிட, பழுது பார்க்கும் கடையுள்ளவரிடம், எழுத்தில் ரசீது பெற்று, ஒரு மாதமேனும் பொறுப்பு ஏற்கச் செய்து வாங்குவது உசிதம். அதற்காக ஆயிரம் ரூபாய் கூடினாலும் கொடுக்கலாம்.

இனி லென்ஸ். காமிராவோடு சேர்த்து விற்கப்படும் 18-55 மில்லிமீட்டர் லென்ஸை இகழ்ந்து பேசுவது புகைப்படக்காரர் வழக்கம். ஓடும் பிள்ளையையும் இரவு நேரத்து ஊர்வலத்தையும் எடுக்க அது போதாது என்பது மெய்யே. தொங்கும் சேலை ஓடுவதில்லை. 40-க்கும் 55-க்கும் இடையில் வைத்து, துவாரத்தை எஃப் 8 ஆக்கினால், கரையின் ஒவ்வொரு இழையும் தெளிவாக விழும். வேறு லென்ஸுக்கு இப்போது ஒரு காசும் செலவிட வேண்டாம்.

அவ்வாறு மிஞ்சிய காசை எங்கே இடுவது? டிரைபாட் என்று கடையில் சொல்லப்படும் முக்காலியில் இடவேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம். காரணம் கூறுகிறோம். காலையில் வீட்டுத் திண்ணையில் விழும் வெளிச்சம் மென்மையானது, நிறத்தைத் திரிக்காதது. ஆனால் சற்றுக் குறைவானது. எஃப் 8-இல், சொரசொரப்பில்லாத ஐ.எஸ்.ஓ. 100-இல் படமெடுக்க ஷட்டர் எட்டில் ஒரு விநாடியோ நாலில் ஒரு விநாடியோ திறந்திருக்க வேண்டிவரும். அவ்வளவு நேரம் கையை அசையாமல் பிடிக்க எவராலும் இயலாது. முக்காலியில் நிறுத்தி, தானே இயங்கும்படி இரண்டு விநாடி தவணை கொடுத்துவிட்டு விலகி நின்றால், பத்தாண்டுப் பழைய காமிராவும் குற்றமற்ற படம் தரும். இலட்ச ரூபாய்க் காமிராவைக் கையிற் பிடித்து, குழல் விளக்கின் கீழ் அவசரமாக எடுத்த படம் அதற்கு ஈடாகாது. முக்காலி கனமாகவும் அசைவற்றும் இருக்கவேண்டும். முழங்கை உயரத்தில் மெல்லிய குழாயாய் ஆடுவது விலை மலிவாயினும் தள்ளத்தக்கது.

ரூ. 25,000-ஐ நாம் பிரிப்பதாயின், காமிராவும் 18-55 லென்ஸும் சேர்த்து ரூ. 16,000-க்கு மேல் போகக்கூடாது. முக்காலிக்கு ரூ. 3,500 வரை. நம்பகமான கடையில் வாங்கிய நினைவு அட்டை ஒன்றுக்கும், உபரி மின்கலம் ஒன்றுக்கும் ரூ. 2,500. அட்டையில் போலி மலிந்திருப்பதால் அதில் சிக்கனம் பார்க்கலாகாது. சாம்பல் அட்டை ஒன்றுக்கும், ஈரம் உறிஞ்சும் சிலிகா மணிகளோடு இறுக மூடும் டப்பா ஒன்றுக்கும் ரூ. 1,000. மீதி ரூ. 2,000 பழுது செலவுக்கென்று பெட்டியில் இருக்கட்டும். பை, லென்ஸின் முன் திருகும் பல நிறக் கண்ணாடிகள், துடைக்கும் பொருள்கள் எனக் கடைக்காரர் சேர்த்துக் கட்டித் தரும் மூட்டையை மறுத்துவிடலாம். சரிகையின் கண்கூச்சத்தைப் போக்கும் என்று போலரைசர் கண்ணாடி ஒன்றைக் காட்டுவார். நீரிலும் கண்ணாடியிலும் பட்டுத் தெறிக்கும் ஒளியை அது அடக்கும். உலோகத்தில் பட்டுத் தெறிப்பதை அடக்காது. சரிகை உலோகம்.

சரிகைக்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது. நிறமற்ற வெள்ளை வேட்டியொன்றை ஜன்னலுக்குக் குறுக்கே கட்டினால், நேர் வெயில் பரந்த ஒளியாக மாறி, ஜரிகைக் கரை முழுதும் ஒரே சீராக மின்னும். ஒளி ஒரு பக்கத்திலிருந்து வரட்டும். எதிர்ப்பக்கத்தில் வெள்ளைத் தெர்மாக்கோல் பலகையொன்றைச் சாய்த்து வைத்தால் நிழல் கறுக்காது. விளக்குகளை அணைத்துவிட வேண்டும். பகலொளியும் விளக்கொளியும் கலந்தால், சேலையின் ஒருபுறம் நீலமும் மறுபுறம் மஞ்சளும் ஏறும். அதனைப் பின்னர்த் திருத்துவது மிகக் கடினம்.

நிறம் மெய்யாக விழுவதற்கு, எடுக்கும் இடத்தில், எடுக்கும் ஒளியிலேயே, சாம்பல் அட்டையைப் பிடித்து, அதுதான் நிறமற்றது என்று காமிராவுக்குக் கற்பித்துவிட வேண்டும். பழைய காமிராக்களிலும் இவ்வசதி உண்டு; வாங்குகையில் விற்பவரைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். சாம்பல் அட்டைக்குப் பதில் எழுதும் தாளை வைத்துக்கொள்ளலாகாது. தாளுக்கு வெண்மை கூட்டச் சேர்க்கும் இரசாயனம் நீலச் சாயலைத் தருவதால், காமிரா ஏமாந்து சேலைக்கு மஞ்சளேற்றிவிடும். வேட்டி நெய்வோர் மற்றொன்றும் கவனிக்கவும். காமிராவின் ஒளிமானி, தான் காண்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் அளவு வெளிச்சம் உடையது என்றே கருதும். சலவை வேட்டியை அதன் போக்கில் விட்டால் சாம்பல் பூத்தாற்போலவும், கறுப்புப் போர்வையை வெளுத்துப் போனாற்போலவும் காட்டும். வெள்ளைக்கு ஒரு படி கூட்டியும், கறுப்புக்கு ஒரு படி குறைத்தும் எடுக்கவேண்டும். கூட்டுவது குறைப்பது என்ற இக்குறிகள் தொடக்கநிலைக் காமிராவிலும் பொத்தானாக இருக்கின்றன.

மயில்கழுத்து நிறத்தை எந்தக் காமிராவும் ஒரே படத்தில் காட்டிவிடாது. பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்த பட்டு, நோக்கும் கோணத்துக்குத் தக்கபடி மாறுவது அதன் அழகே. அதனை இரண்டு கோணங்களில் இரண்டு படமெடுத்துச் சேர்த்தே அனுப்பவேண்டும். ஒவ்வொரு சேலைக்கும் முழுத்தோற்றம் ஒன்று, முந்தானை ஒன்று, கரையும் உடலும் சேரும் இடம் ஒன்று, பின்புறம் ஒன்று என நான்கு படமாவது வேண்டும். பின்புறத்தைக் காட்டத் தயங்குவோர் உளர். கோர்வை நேராக விழுந்ததைப் பின்புறமே மெய்ப்பிக்கும் என்பதால், கைத்தறிக்காரர் அதனை மறைக்க வேண்டிய அவசியமில்லை.

இவ்வளவும் செய்தாலும், வாங்குபவரின் திரை நமது வசத்தில் இல்லை. ஒரே படம் ஒரு கைப்பேசியில் குங்குமமாகவும் மற்றொன்றில் தக்காளியாகவும் தோன்றலாம். ஆகவே படத்தோடு, நிறத்தின் பெயரை நாம் வழக்கமாக வழங்கும் சொல்லால் எழுதி, பகலொளியில் எடுக்கப்பட்டது என்பதையும் குறித்து அனுப்புவது நன்று. உயர்ந்த விலைப் பட்டுக்கு, பணம் பெறுமுன்னரே, அந்தப் பாவின் நூலையும் ஊடையின் நூலையும் விரலளவு நறுக்கி, ஒரு அட்டையில் ஒட்டி, சாதாரணத் தபாலில் அனுப்பிவிடலாம்.